மாப்பிள்ளையை விசாரிக்க உத்திரமேரூர் போனேன்

கதை எழுதுகிறவனுக்கு ஆளைப் பார்த்த மாத்திரத்தில் குணம் தெரிந்துவிடும் என்பது என் அக்காவின் நம்பிக்கை. என் மனைவிக்கு அந்த நம்பிக்கை இல்லை. முகத்தில் யோக்கியக் களை இருக்கிறது என்று நான் சிபாரிசு செய்து வைத்துக்கொண்ட பால்காரரைப் பற்றியும், குடை ரிப்பேர்காரரைப் பற்றியும் அவள் பேசத் தொடங்கினால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். அக்கா இருப்பது வேறு வீட்டில். அவளுக்கு என் நாவல்கள் தெரியும். எங்கள் வீட்டுப் பால் தெரியாது.

அதனால்தான் அக்கா மகள் வசந்தாவுக்கு ஒரு வரன் வந்தபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் பெயர் நடராஜன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். உத்திரமேரூரில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்து ஏரிக் கரைகளையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை. ஜாதகம், சம்பளம், உறவு முறை எல்லாவற்றையும் அத்தான் பார்த்து முடித்துவிட்டார்.

"குணத்தை மட்டும் நீ போய்ப் பார்த்துட்டு வந்துடு" என்றார் அத்தான். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கி வா என்று சொல்வதுபோல் சொன்னார்.

நான் கிளம்பும்போது வசந்தா வாசல்வரை வந்தாள். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்க்கிறவள். அதிகம் பேச மாட்டாள்.

"மாமா, எல்லாரும் அவரை நல்லவர்னுதான் சொல்வாங்க. அதைக் கேட்டுட்டு வந்துடாதீங்க. அவருக்குக் கோபம் வந்தா என்ன பண்றார்னு பார்த்துட்டு வாங்க."

"கோபமே வராத மனுஷனா இருந்தா?"

"அப்ப கூட ரெண்டு நாள் இருந்து பாருங்க."

ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு வியாதி உண்டு: வீட்டில் இருந்தால் வெளியூர் போக வேண்டும், வெளியூர் போனால் எப்போது திரும்பலாம் என்று இருக்கும். செங்கற்பட்டில் ரயிலை விட்டு இறங்கும்போதே திரும்பிப் போகும் வண்டி எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

பஸ் நிரம்பி வழிந்தது. ஜன்னலோரத்தில் இருந்த ஒருவர் தம் சட்டை நனைகிறது என்று தட்டியை இறக்கிவிட்டார். பின்னால் இருந்த அம்மாள், காற்று இல்லாவிட்டால் தனக்குக் குமட்டும் என்று எச்சரித்தாள். அவர் கேட்கவில்லை. சாலவாக்கம் வருவதற்குள் அந்தச் சட்டை வேறு காரணத்தால் நனைந்தது. நியாயம் சில சமயம் கோர்ட்டுக்குப் போகாமலே கிடைத்துவிடுகிறது.

சாலவாக்கத்துக்குச் சற்று முன்னால் பஸ் நின்றுவிட்டது. பஸ் ஓடும்போது ஒரு டிரைவர்தான் இருந்தார். நின்றதும் எல்லோரும் டிரைவர் ஆகிவிட்டார்கள். ஏறியது முதல் தூங்கிக்கொண்டு வந்தவர்தான் நேரமாகிறது என்று எல்லோரையும்விட அதிகமாகச் சத்தம் போட்டார். கோர்ட்டில் கேஸ் இருக்கிறது, தாமதமானால் நிலமே போய்விடும் என்று வழியெல்லாம் புலம்பி வந்தவரோ, கீழே இறங்கி வாய்க்காலில் கெண்டைக் குஞ்சுகள் துள்ளுவதைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சாலையில் மேலும் கீழும் நடந்து தவித்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கூட்டத்தில் அவசர வேலை எதுவும் இல்லாதவனும் நான் ஒருவன்தான்.

பஸ் கிளம்ப நேரமாகும் என்றார் கண்டக்டர். சாலவாக்கம் வரை நடந்து ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். மசால்வடை சூடாக இருந்தது. மெட்ராஸ் வடையில் பருப்பைத் தேட வேண்டும். இங்கே பருப்புக்கு நடுவே உப்பைத் தேட வேண்டியிருந்தது. வந்த வேலையை இங்கேயே ஆரம்பித்துவிடலாம் என்று கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏங்க, இந்தப் பக்கம் ஏரி ஓவர்சியர் நடராஜன்னு ஒருத்தர். எப்படிப்பட்டவர்?"

"இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"மெட்ராஸ்லேருந்து வரேன். அவரைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கு."

கடைக்காரர் உடனே துண்டை எடுத்து என் பெஞ்சைத் துடைத்தார். அடுத்த டம்ளர் டீ கேட்காமலே வந்தது. கிராமத்து உபசாரம் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

"ஓவர்சியரா? தங்கமான மன்சன் சார். தண்ணி வேணும்னு போய் நின்னா முகம் சுளிக்க மாட்டாரு" என்றார் பக்கத்தில் இருந்த ஒரு விவசாயி.

"அவனா? படா மோசக்காரன் சார்!" என்றார் அதே பெஞ்சின் மறுகோடியில் இருந்தவர். "எத்தினி வாட்டி பேஜார் பண்ணியும் ஒரு சொட்டுத் தண்ணி வுடல. எய்திக்கங்க."

முதல் ஆளின் நிலம் மதகு ஓரம் இருக்கிறது. இரண்டாவது ஆளின் நிலம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு வடை தேவைப்பட்டது. ஒரு மனிதன் நல்லவனா கெட்டவனா என்பது கேட்கப்படுகிறவனின் வயலுக்கும் மதகுக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது. நகரத்தில் எங்களுக்கு வயல் கிடையாது. ஆனாலும் எங்களிடமும் ஏதோ ஒரு மதகு இருக்கத்தான் செய்கிறது.

பஸ் மறுபடி உயிர் பெற்று வந்தபோது, சாலவாக்கத்தில் ஏறிய ஒரு பெரிய மனிதர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பெயர் தணிகாசலம். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் வழியில் ஓர் ஊரில் பெரிய நிலக்காரர். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். டீக்கடையில் நடந்தது நான் பஸ் ஏறுவதற்கு முன்பே அவர் காதுக்குப் போயிருந்தது.

"சார் விசாரணைக்கு வந்துகிறதாச் சொன்னாங்க."

"ஆமாம். வெளியே தெரிய வேண்டாம்."

"நான் ஏன் சார் சொல்லப் போறேன்? நம்ம கிட்ட ஒளிவு மறைவே கெடையாது" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். தன்னிடம் ஒளிவு மறைவு இல்லை என்று சொல்கிறவர்கள் ஏன் எப்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாளாகப் புரியாத விஷயம். "ஓவர்சியரு நம்ம புள்ள மாதிரி. நம்ம பேச்சைத் தட்டவே மாட்டாரு. அவுரு மேல எவனாவது மொட்டை மனு போட்டிருந்தா நம்பாதீங்க."

பாதிச் சீப்பு வாழைப்பழத்தை என் மடியில் வைத்தார். பேச்சைத் தட்டாத பிள்ளை. அக்காவிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள். எனக்கு என்னவோ அது இடறியது. எல்லோர் பேச்சையும் தட்டாமல் கேட்கிறவன் ஒருநாள் யார் பேச்சையாவது கேட்டு வசந்தாவையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவானே!

உத்திரமேரூரில் ஒரு மளிகைக் கடையின் மாடி அறை எனக்குத் தங்கக் கிடைத்தது. அறை முழுவதும் மிளகாய் நெடி. தும்மிக்கொண்டே தூங்கி, தும்மிக்கொண்டே எழுந்தேன்.

மறுநாள் காலை ஓவர்சியர் ஆபீசுக்குப் போனால் ஆள் இல்லை. கரையைப் பார்க்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார்கள். அங்கே உட்கார முடியாமல் தெருவில் நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஒதுங்கினேன். ஊர்ச் சபைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று பழைய காலத்தில் சுவரெல்லாம் வெட்டி வைத்த மண்டபம். கணக்குக் காட்டாதவன் கூடாது, அடுத்தவன் பொருளை எடுத்தவன் கூடாது, அவர்களுடைய சொந்தக்காரனும் கூடாது. என்னுடன் ஒதுங்கி நின்ற மாட்டு வியாபாரி ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இத்தினியும் கல்லுல எய்தி வச்சிக்கிறாங்கன்னா, அந்தக் காலத்துலயும் ஆளுங்க அப்டித்தான் இருந்துகிறாங்க. இல்லாட்டி இன்னாத்துக்கு எய்தணும்?"

மழை நிற்கும்வரை காத்திருக்க மனமில்லாமல் நனைந்துகொண்டே திரும்பினேன். வழியில் காப்பி கிளப் வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. அதன் பாரில் ஒரு குடை கட்டியிருந்தது. குடைக்குச் சொந்தக்காரர் முழுக்க நனைந்துபோய் உள்ளே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் நடராஜன் என்று கல்லாவில் இருந்தவர் கண்ணால் காட்டினார்.

எதிரில் போய் உட்கார்ந்தேன். ஒல்லியான, கறுத்த, முப்பது வயதுக்குள் இருக்கும் மனிதர். பழைய கல்வெட்டுகளைப் பார்க்க வந்தவன் என்று என்னை அறிமுகம் செய்துகொண்டேன்.

"அப்படிங்களா" என்றார்.

ஏரிகளைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் ரெக்கார்டுல இருக்குங்க" என்றார். மழையைப் பற்றிக் கேட்டேன். "பெய்யுதுங்க" என்றார். காப்பி சாப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவருக்கும் சேர்த்துக் காப்பி சொன்னபோது, "எனக்கு வேணாம்" என்று பதறியதுபோல் கையை ஆட்டினார். தட்டிலிருந்த கறிவேப்பிலைகளைப் பொறுக்கி ஓரமாக வரிசையாக அடுக்கினார். எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

என் மனதில் தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது: முசுடு, கஞ்சன், மரியாதை தெரியாதவன், சரிவராது. ஒரு காப்பி ஆறுவதற்குள் ஒரு மனிதனை எடைபோட்டுவிட்ட திருப்தியில் அந்தக் காப்பியை ருசித்துக் குடித்தேன். மாலை ரயிலைப் பிடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் தணிகாசலம் அனுப்பியதாக ஓர் ஆள் வந்து நின்றார். மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில் என்றார். வசந்தா சொன்னது நினைவுக்கு வந்தது. நான் இன்னும் கோபத்தைப் பார்க்கவில்லை. சரி என்று பெருநகர் பஸ்ஸில் ஏறினேன்.

தணிகாசலத்தின் வீட்டில் வரால் மீன் குழம்பு. மழைத் தண்ணீரில் ஏறி வந்த மீன். அந்தக் குழம்பைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயம் இன்றுவரை மாறவில்லை. ஆனால் குழம்பு ஊற்றியவர்கள் என்னை ஏன் இப்படிக் கவனிக்கிறார்கள் என்று அப்போதும் நான் யோசிக்கவில்லை. சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே ஒருவர் ஓடிவந்து தணிகாசலத்தின் காதில் ஏதோ சொன்னார். அவர் பாதிச் சோற்றில் எழுந்தார். "ஒண்ணும் இல்ல சார், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்து போனவரைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திண்ணையில் கிடந்த ஒரு குடையைப் பிடித்தபடி, வரப்பு வழியாக ஏரிக்கரைக்கு நடந்தேன்.

ஏரி கடல்போல் இருந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவதற்குக் கரையின் ஒரு கோடியில் வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். அதற்குக் கலங்கல் என்று பெயர். கல்லுக்குக் கல் நடுவே பலகையைச் செருகி மண்ணால் அடைத்தால் இன்னும் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாகத் தேங்கும். அந்த ஒரு முழம் தணிகாசலத்துக்கு அடுத்த போகத்துத் தண்ணீர். பலகைகளைச் செருகியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விட்டவர் நடராஜன். பேச்சைத் தட்டாத பிள்ளை.

இப்போது கரையின் நடுவில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழேதான் கூலி வேலை செய்கிறவர்களின் குடிசைகளும், ஓலை வேய்ந்த ஒரு சின்ன மாதா கோயிலும் இருந்தன. பெண்கள் பானைகளையும் பாய்களையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறி நின்றார்கள். கலங்கல் அருகே தணிகாசலமும் அவருடைய ஆட்களும். அவர்களுக்கு எதிரில் நனைந்த சட்டையோடு நடராஜன்.

எஸ்தர் என்ற நடுத்தர வயதுப் பெண் இடுப்பில் ஒரு பானையோடு முன்னால் வந்து கத்தினாள்.

"ஏன்யா ஓவர்சியரு, கரையில தண்ணி ஊறிக்கினு கீது, கண்ணு தெரியலியா? எங்க வூடு பூட்சின்னா உன் ஆபீசுலயா வந்து படுக்கறது?"

"நீ சும்மா கெட எஸ்தரு" என்றார் தணிகாசலம். நடராஜனிடம் திரும்பி, "நான் பொறந்ததுலேருந்து பாக்கற ஏரி இது. ஒண்ணும் ஆவாது. மயை வுட்டுரும். காலையில எடுத்துக்கலாம்" என்றார்.

"காலையில எடுக்கறதுக்கு ஏரி இருக்கணுங்க" என்றார் நடராஜன்.

"பலகைய எடுத்தா தண்ணி மொத்தமும் என் நடவு மேலதான் பாயும். இப்பத்தான் நட்டு வேர் புடிச்சிக்கிது. நீ நம்ம புள்ளயாச்சே நைனா. நான் சொல்லி எப்பவாவது மறுத்துக்கிறியா?"

நடராஜன் குடிசைகள் பக்கம் ஒருமுறை பார்த்தார். திடீரென்று அங்கிருந்து விலகி ஒரு பனைமரத்துக்குப் பின்னால் போனார். பயந்து ஓடுகிறார் என்று நினைத்தேன். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது: குனிந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதையும் வாந்தி எடுத்தார். பிறகு மழைத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தார். திரும்பி வந்தார். நேராக என்னிடம் வந்து நின்றார்.

"சார், நீங்க மெட்ராஸ்லேருந்து விசாரிக்க வந்தவங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "இத்தனை பேர் எதிர்ல நீங்களே சொல்லுங்க. பலகையை எடுக்கலாமா, வேணாமா?"

டீக்கடையில் துடைத்த பெஞ்சும், கேட்காமல் வந்த டீயும், வாழைப்பழமும், மீன் குழம்பும் எனக்கு அந்த நிமிஷத்தில் ஒன்றாகப் புரிந்தன. இவர்கள் என்னை ஓவர்சியர்மேல் விசாரணை நடத்த வந்த சர்க்கார் அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் நான் கொடுத்த காப்பியை இந்த மனிதர் ஏன் தொடவில்லை என்பதும் புரிந்தது.

நான் அதிகாரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் கதைகளில் எத்தனையோ வெள்ளம் வந்திருக்கிறது. ஊரை மூழ்கடிக்க எனக்குக் கால் பக்கம் போதும். ஆனால் நிஜமான ஓர் ஏரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கரைமேல் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒரு கோழி பானைக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தது.

"எடுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கீச்சென்று கேட்டது.

நான் வாயை மூடுவதற்குள் எஸ்தர் பானையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். சேரி ஆட்கள் பின்னால் குதித்தார்கள். நடராஜனும் இறங்கினார். தணிகாசலத்தின் ஆட்கள் தடுக்கவில்லை. அவர்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள், முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.

"சார் சொன்னா சரிதான்" என்றார் தணிகாசலம். சற்று நேரம் கழித்து, "நானும் அத்தத்தான் அப்பலேருந்து சொல்லிக்கினு கீறேன்" என்றார். அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. சொல்லும்போதே நம்பிவிட்டார். அந்த வித்தை கைவந்துவிட்டால் மனிதனுக்கு மனசாட்சியால் எந்தத் தொந்தரவும் இல்லை.

முதல் பலகை வந்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. பிடுங்கப் பிடுங்க அந்தச் சத்தம் வளர்ந்தது. தணிகாசலத்தின் பச்சை நடவு கண்ணெதிரே செந்நீருக்குள் போயிற்று. அவர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார். அப்போது மட்டும் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. பொழுது சாய்வதற்குள் கசிவு குறைந்தது. கரை நின்றுவிட்டது.

எஸ்தர் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். வந்த வேலை ஞாபகம் வந்து அவளிடமும் கேட்டேன்: ஓவர்சியர் எப்படி, நல்லவரா?

"நல்லவரா கெட்டவரான்னு எனக்கின்னா சாமி தெரியும்? இன்னிக்கு எடுத்தாரு. நேத்தே எடுத்திருந்தா என் கோழி ரெண்டு பூட்டிருக்காது" என்று சொல்லிவிட்டுப் பானையைத் தேடிப் போனாள்.

திரும்பிப் போக பஸ் இல்லை. நடராஜன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார், நானும் கூட நடந்தேன். மனசு உறுத்தியது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அதிகாரி இல்லை."

"தெரியும் சார்."

"எப்போ தெரியும்?"

"காலையில பயந்துதான் போனேன். மத்தியானம் நீங்க செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு, குடையை நீங்களே பிடிச்சுக்கிட்டு வரப்புல வழுக்கி வழுக்கி வந்தீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. எந்த ஆபீசர் சார் தன் குடையைத் தானே பிடிப்பான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த உற்சாகத்தில், நான் யார், யாருக்காக வந்தேன், சாலவாக்கத்திலிருந்து யார் யாரிடம் விசாரித்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நின்றுவிட்டார்.

"என்னைப் பத்தித் தெரிஞ்சுக்க ஊரெல்லாம் சுத்தியிருக்கீங்க. காலையில என் எதிர்லயே உக்கார்ந்தீங்க. என்னைக் கேட்டிருக்கலாமே?"

"அது வழக்கம் இல்லையே..."

"டீக்கடையில கேக்கறது வழக்கமா?"

அவ்வளவுதான். முகம் இறுகிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். நான் பேசினால் பதில் இல்லை. ஆனால் என்னை விட்டுவிட்டும் போகவில்லை. நான் பின்தங்கினால் நடையைக் குறைத்தார். பள்ளம் வந்தால் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தார். உத்திரமேரூர் எல்லையில் ஒரு டீக்கடை வந்தது. சைக்கிளை நிறுத்தினார். இரண்டு டீ வாங்கினார். ஒன்றை என் கையில் கொடுத்தார். அப்போதும் பேசவில்லை. என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

மிளகாய் நெடியில் புரண்டுகொண்டே யோசித்தேன். நான் பார்க்க வந்த கோபம் இதுதான்.

காலையில் பஸ் நிறுத்தத்துக்கு அவரே வந்தார். கோபம் போயிருந்தது, கூச்சம் வந்திருந்தது. பஸ் புறப்படும் நேரம்.

"சார், அவங்க எப்படிப்பட்டவங்க?"

"யார்?"

"பொண்ணு."

"வசந்தாவா? ரொம்ப நல்ல பொண்ணு. அமைதி. பொறுப்பு. பெரியவங்க பேச்சைத் தட்ட மாட்டா."

"தரகரும் இதையேதான் சார் சொன்னார்" என்றார் நடராஜன்.

பஸ் நகர்ந்துவிட்டது. அவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவன் நான். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று செங்கற்பட்டு வரையில் தேடினேன். அவளுக்கு எதற்குச் சிரிப்பு வரும், எதற்கு அழுகை வரும், வகுப்பில் குழந்தைகளை அடிப்பாளா? ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் நான் ஏதாவது தொலைத்துவிட்டேனா என்று விசாரித்தார்.

வீட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். "பயத்துல வாந்தி எடுக்கறவன் என்ன ஆம்பளை?" என்றார் அத்தான். "அத்தனை பேர் எதிர்ல பொய் சொல்லியிருக்கானே" என்றாள் அக்கா. டீ வாங்கிக் கொடுத்ததைக் கேட்டு என் மனைவி மட்டும், "பரவாயில்லையே" என்றாள்.

வசந்தா ஒன்றே ஒன்று கேட்டாள். "வாந்தி எடுத்தது பலகையை எடுக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் அதிகாரி இல்லை என்பது தணிகாசலத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மேலிடத்துக்குப் புகார் போயிற்று. பலகையை எடுத்தது குற்றமா, அதற்கு முன் எடுக்காமல் விட்டது குற்றமா என்று துறைக்காரர்கள் தீர்மானிக்க முடியாமல், நடராஜனை ஏரியே இல்லாத ஒரு வறண்ட ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அத்தானுக்கு அது போதுமானதாக இருந்தது. இந்த வரன் வேண்டாம் என்றார். அப்போதுதான், பெரியவர்கள் பேச்சைத் தட்ட மாட்டாள் என்று நான் சான்று கொடுத்த பெண், "நான் அவரை ஒரு தடவை பார்க்கணும்" என்று சொல்லி, சொன்னதில் நின்றாள்.

அவர் புதிய ஊருக்குப் போகுமுன் காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலில் சந்திக்க ஏற்பாடாயிற்று. அக்காவும் அத்தானும் பிரகாரத்தில் உட்கார்ந்தார்கள். நடராஜனும் வசந்தாவும் ஒரு தூண் பக்கம் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அத்தனை பிரதட்சிணம் பக்தியால் நான் ஒருநாளும் செய்ததில்லை. ஒரு சுற்றில் அவர் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொரு சுற்றில் இருவரும் பேசாமல் நின்றார்கள். பிறகு அவள் வந்து அக்காவிடம், "சரின்னு சொல்லிடுங்கம்மா" என்றாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்னால், அன்று காஞ்சிபுரம் கோயிலிலிருந்து திரும்பும்போது ரயிலில் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளிடம் கேட்டேவிட்டேன்.

"நான் அங்கேயே தங்கி, ஊரெல்லாம் விசாரிச்சு, மழையில நனைஞ்சு பார்த்தும் எனக்கு அந்த ஆள் பிடிபடலை. நீ தூண்கிட்ட நின்னு நாலு வார்த்தை பேசி என்னம்மா கண்டுபிடிச்சே?"

வசந்தா சிரித்தாள்.

"நீங்க அவரை வச்சுக் கதை எழுதணும் மாமா, அதனால முழுசாத் தெரிஞ்சாகணும். நான் குடித்தனம்தானே பண்ணப் போறேன்? மிச்சத்தை அங்க போய்ப் பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்து நிம்மதியாகத் தூங்கிப்போனாள். உட்கார இடம் இருந்தும், வாலாஜாபாத் தாண்டிப் பாலாறு கண்ணிலிருந்து மறையும்வரை நான் கதவோரம் நின்றுகொண்டே வந்தேன்.